மலை உச்சிக்கு ராஜா வந்தால் ஜெயம்!

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏற வேண்டும். வருடத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! கே.ஜி.கண்டிகை மாதிரி பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு 'யார் முதலில் மேலே?' என்ற போட்டியைச் சொல்லித்தரவே வேண்டாம். அதே போட்டியை செஸ் போர்டில் வைத்தால் எப்படி இருக்கும்?

அதற்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர் 'கிங் ஆஃப் தி ஹில்'. காய்கள் அதே 32, நகர்த்தும் முறையும் அதேதான். கூடுதலாக ஒரே ஒரு விதி. போர்டின் நட்ட நடுவில் இருக்கும் நான்கு கட்டங்கள்தான் மலை உச்சி (டி4, இ4, டி5, இ5). உங்கள் ராஜா அதில் ஒன்றில் கால் வைத்துவிட்டால் அந்த நொடியே நீங்கள் ஜெயித்தாயிற்று. செக்மேட் செய்தும் ஜெயிக்கலாம். ஆனால், எதிராளியின் காய் குறிவைத்திருக்கும் கட்டத்துக்குள் ராஜா நுழைய முடியாது. அது வழக்கமான செஸ் விதிதானே!

செஸ் கற்றுத்தருபவர்கள் முதல் வாரமே சொல்லும் பாடம், 'ராஜாவை வெளியே விடாதே, சீக்கிரம் காஸ்லிங் பண்ணிடு' என்பதுதான். இங்கே அந்தப் பாடம் தலைகீழ். இ-வரிசை சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, ராஜாவை இ2, இ3 என்று ஏற்றினால் மூன்றாவது அடியில் டி4. மொத்தமே நான்கு நகர்வு! எதிராளி தூங்கினால் ஒரு டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

தூங்காவிட்டால்? எதிராளி தன் சிப்பாயை இ5-ல் நிறுத்தினாலே போதும். அது டி4-ஐக் காவல் காக்கும், ராஜா நுழைய முடியாது. இந்த ஆட்டத்தில் மந்திரிக்குத்தான் மவுசு அதிகம். ஒரு மந்திரியை பி2-விலும் இன்னொன்றை ஜி2-விலும் வைத்து, நடுவில் வழி மறிக்காமல் பார்த்துக்கொண்டால் நான்கு உச்சிக் கட்டங்களும் உங்கள் பார்வையில். ராணிகளை வெட்டிக்கொள்ளும்போதும் இருமுறை யோசிக்க வேண்டும். ராணி போய்விட்டால் நடந்து வரும் ராஜாவைத் தடுக்க ஆள் குறைவு.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு, 'ரேஸிங் கிங்ஸ்'. இங்கிலாந்தைச் சேர்ந்த வி.ஆர்.பார்ட்டன் 1961-ல் உருவாக்கியது. சிப்பாய்களே கிடையாது. இரண்டு படைகளும் ஒரே பக்கம், முதல் இரண்டு வரிசைகளில் நிற்கும். எட்டாவது வரிசையை எந்த ராஜா முதலில் தொடுகிறதோ அதுவே வெற்றி. யாரும் யாருக்கும் செக் வைக்கவே கூடாது! சண்டைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்றிருக்கும்.

ராஜாவுக்குக் கூடுதல் சுதந்திரம் தருவது நமக்கும் புதிதல்ல. பழைய இந்திய முறையில் காஸ்லிங் இல்லை. அதற்குப் பதில், அதுவரை செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரை போலத் தாவலாம்.

'இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி, நிஜ செஸ்ஸில் உதவுமா?' என்று கேட்கும் அப்பாக்களுக்கு 1991-ல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடந்ததைச் சொல்லலாம். யான் டிம்மனுக்கு எதிராக ஆடிய நைஜல் ஷார்ட், ராணிகளும் யானைகளும் போர்டில் இருக்கும்போதே தன் ராஜாவை ஹெச்2, ஜி3, எஃப்4, ஜி5 என நான்கே அடியில் எதிரிக் கோட்டை வாசல்வரை நடத்திப் போனார். டிம்மன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

நம்ம சென்னைப் பையன் குகேஷ் கதை இன்னும் நெருக்கம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரென் 55-வது நகர்வில் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டினார், மந்திரிகளையும் வெட்டிக்கொண்டார். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். 58-வது நகர்வில் குகேஷின் ராஜா வந்து நின்ற கட்டம் எது தெரியுமா? இ5. நம் மலை உச்சிகளில் ஒன்று! டிங் கை கொடுத்தார்; 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

அங்கே ராணிகள் இல்லை, அதனால் ராஜா நடந்தது. ராணி இருக்கும்போது எல்லோரும் ஷார்ட் ஆகிவிட முடியாது. 1912-ல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கர் தன் ராணியையே பலி கொடுத்து, ஜார்ஜ் தாமஸின் ராஜாவை வெளியே இழுத்தார். பாவம், அது போர்டின் மறுகோடிவரை துரத்தப்பட்டு, 18-வது நகர்வில் மேட் ஆனது.

கிங் ஆஃப் தி ஹில், ரேஸிங் கிங்ஸ் இரண்டையும் லிசெஸ் தளத்தில் செல்போனிலேயே இலவசமாக ஆடலாம். வீட்டு போர்டில் என்றால் நடு நான்கு கட்டங்களில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தால் போதும். தாத்தாவும் பேத்தியும் ஆடினால், பேத்திக்கு முதல் நகர்வு. ஒரே ஒரு எச்சரிக்கை: மறுநாள் பள்ளியில் செஸ் போட்டி இருந்தால், முந்தின ராத்திரி இதை ஆட வேண்டாம். பழக்கதோஷத்தில் ராஜா இ2-வுக்குக் கிளம்பிவிடும்!