பெயரைத் திரும்பப் பெற்ற ரசிகர்கள்

கொல்கத்தா கால்பந்தில் மோகன் பகான் ஜெயித்தால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனும் சமைப்பது வழக்கம். நான் இலிஷ் பக்கம். ஆனாலும் எதிரணி ரசிகர்களை ஒரு விஷயத்துக்காகக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

1889-ல் பிறந்த மோகன் பகான், 1911-ல் வெள்ளைக்காரப் படையணியை வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயம் வென்ற கிளப். 2020-ல் அதன் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கு தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்காவின் குழுமத்துக்குப் போனது. அவர்களுடைய பழைய அணியான ‘ஏடிகே’யின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2014-ல் தொடங்கிய அணியின் பெயர், நூற்றாண்டு தாண்டிய கிளப்புக்கு முன்னால்! பணம் வந்ததே என்று ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஏடிகே-யை நீக்கு என்று விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற இரவில், அந்தப் பெயர் போகும் என்று கோயங்காவே அறிவித்தார்.

எங்கள் ஈஸ்ட் பெங்கால் கதை வேறு. குவெஸ், ஸ்ரீ சிமென்ட், இமாமி என்று முதலீட்டாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிளப் நிர்வாகத்தோடு ஒப்பந்தச் சண்டை வேறு. 2012-க்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பைக்கு 2024 ஜனவரி வரை, கலிங்கா சூப்பர் கோப்பை வரை, காத்திருந்தோம்.

முதலீடு வரட்டும். ஆனால் பெயரிலோ சட்டையின் நிறத்திலோ கைவைக்கும் முன் ரசிகர்களைக் கேளுங்கள்.