புட்டிக்குள் முதிரும் ஒயின்

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் இருக்கிறது ஓ-பிரியோன் திராட்சைத் தோட்டம். அங்குள்ள மாளிகையை 16ஆம் நூற்றாண்டில் ஜான் த போந்தாக் கட்டினார். 1663 ஏப்ரலில் லண்டன் மதுச்சாலை ஒன்றில் இந்த ஒயினைக் குடித்த சாமுவேல் பீப்ஸ், அதன் தனித்த சுவையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது சிவப்பு ஒயின்களில் முதல் வரிசைக்குத் தேர்வானவை நான்கே. லாஃபித், லத்தூர், மார்கோ ஆகிய மூன்றும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை; அதற்கு வெளியிலிருந்து இடம்பிடித்தது ஓ-பிரியோன் மட்டும்.

தோட்டத்தின் மண் சரளைக்கற்கள் நிறைந்தது. மழைநீர் அதில் தங்காது. மெர்லோ, கபர்னே சோவிஞ்யோன், கபர்னே ஃபிரான் வகைத் திராட்சைகள் அங்கே விளைகின்றன. அவற்றின் தோலில் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளும், தோலிலும் விதையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் மிகுந்திருக்கின்றன. நெடுங்காலம் முதிரும் ஆற்றல் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வருகிறது. உலகில் உற்பத்தியாகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கானது. அதைப் பத்திரப்படுத்தினால் சுவை மங்குமே தவிர உயராது.

1989 ஓ-பிரியோன் அத்தகையதல்ல. வெப்பமும் வறட்சியும் மிகுந்த கோடையில் பழுத்த அந்த அறுவடை, தோட்டத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. இவ்வளவு முதிர்ந்த புட்டியைத் திறப்பதற்கு ஒருநாள் முன்பாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். அடியில் படியும் கசடு, நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று பிணைந்து, கரையும் தன்மையை இழந்து வீழ்ந்தவை. புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, கசடு எட்டிப்பார்க்கும் வரை கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றுவார்கள். குடுவையில் வெகுநேரம் விட்டுவைப்பது தவறு. இளம் ஒயினுக்கு அது நன்மை செய்யலாம். முதிர்ந்த ஒயினின் மென்மணங்கள் காற்றில் விரைவாகக் கலைந்துவிடும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை ஏற்ற வெப்பநிலை. குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகும். சூடானால் ஆல்கஹால் நெடி மேலோங்கும்.

முதலில் பார்ப்பது நிறம். கோப்பையைச் சாய்த்து, வெண்மையான பின்புலத்தில் விளிம்பைக் கவனிக்க வேண்டும். இளம் ஒயினில் அங்கே ஊதாச் சிவப்பு தெரியும். முதிர்ந்ததில் செங்கல் நிறமும் அதற்கு அப்பால் ஆரஞ்சுச் சாயலும் தெரியும். தனித்திருந்த ஆந்தோசயனின்கள் முதற்சில ஆண்டுகளிலேயே பெருமளவு மறைந்துவிடுகின்றன. சில, டானின்களோடு இணைகின்றன. சில, நொதித்தலில் உண்டான பைருவிக் அமிலம் போன்றவற்றோடு சேர்ந்து, எளிதில் வெளிறாத ஆரஞ்சுச் சாயல் நிறமிகளாக மாறுகின்றன.

அடுத்தது மணம். ஒயினின் முழு அழகும் இங்கேதான் இருக்கிறது. கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை என இருதடவை முகர்வார்கள். இளமையில் பழவாசனை தரும் எஸ்டர்களில் பல, நீருடன் வினைபுரிந்து மெல்லச் சிதைகின்றன. அவை விட்ட இடத்தில் புகையிலை, தோல், காளான், உலர்ந்த இலை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன. திராட்சையிலுள்ள ஒரு சேர்மத்திலிருந்து காலப்போக்கில் வெளிப்படும் டைமெத்தில் சல்ஃபைடு, மிகச் சிறிய அளவில் நிலக்காளான் மணத்துக்குத் துணைபுரிகிறது. மிகுந்தால் வெந்த முட்டைக்கோசு போல வீசும். பீப்பாய் செய்யும்போது ஓக் பலகைகளைத் தீயில் வாட்டுவதால் உண்டாகும் ஃபர்ஃப்யூரலிலிருந்து வறுத்த காப்பியின் மணம் பிறக்கிறது. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது மணப்பதும் அதைத் தரும் அதே மூலக்கூறுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு அதை அறிந்துகொள்ளும்.

பிறகு வாய். டானின்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கின் வழவழப்புக் குறைகிறது. பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல வாய் இழுக்கிறது. முதிர்ந்த ஒயினில் இந்த இழுப்பு தணிந்திருக்கும். டானின்கள் நீண்ட சங்கிலிகளாகிக் கசடாக வீழ்வதே காரணம் என்று பலகாலம் கற்பிக்கப்பட்டது. அது பாதி உண்மை. ஒயினின் அமிலத்தால் சங்கிலிகள் அறுபடுவதும், அறுந்த துண்டுகள் வேறுவிதமாக இணைவதும் சேர்ந்தே நடக்கின்றன. விழுங்கிய பின் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைச் சுவைஞர்கள் பெரிதும் மதிக்கிறார்கள்.

ஒயினின் முதிர்ச்சியில் ஆக்சிஜனின் பங்கை 1866இல் வெளிவந்த நூலில் லூயி பாஸ்டர் விளக்கினார். நல்ல தக்கை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் அளவிலேயே ஆக்சிஜனை விடுகிறது. மிகுதியாக விட்டால் பழம் வதங்கிய வாடையும் பழுப்பு நிறமும் சேர்ந்துவிடும். எந்த இரண்டு தக்கைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரு புட்டிகள் வேறுபட்டுச் சுவைப்பது அதனால்தான். முதிரும் ஒயின் சிலவற்றை இழந்து சிலவற்றைப் பெறுகிறது. பெறுவது இழப்பை ஈடுசெய்யும் காலமே அதைத் திறக்க ஏற்றது.

பெயர்பெற்ற தோட்டத்தின் முத்திரையும் கோப்பையின் நிறமும் மூக்கை வழிநடத்திவிடக்கூடியவை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை 54 மாணவர்கள் முகர்ந்து, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். முத்திரையை மறைத்துச் சுவைப்பது இதனாலேயே தேவையாகிறது.

மிகப் பழைய புட்டிகளில் போலிகள் புகுவதும் உண்டு. அவற்றைக் கண்டறிய இயற்பியல் ஒரு வழி தந்திருக்கிறது. அணுகுண்டு வெடிப்புகளால் உலகெங்கும் பரவிய சீசியம்-137, 1945க்கு முந்தைய ஒயினில் இராது. போர்தோவின் இயற்பியலாளர் பிலிப் உபேர், அது உமிழும் காமா கதிர்களைப் புட்டியைத் திறக்காமலேயே அளக்கும் முறையை உருவாக்கினார். 1930களின் ஒயின் என்று விற்கப்படும் புட்டியில் சீசியம் தென்பட்டால் முத்திரை சொல்லும் ஆண்டு பொய்.