தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சிமென்ட் பெஞ்சில் ஒரு பையன் படுத்திருந்தான். காலை ஆறரை மணி. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் சென்ட்ரல் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவனுடைய நீலச் சட்டையில் இரும்புத்தூள் படிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது; ஆனால் குழாயில் தண்ணீர் நின்று காற்று அடைத்துக்கொண்டு வருமே, அதுபோல விட்டு விட்டு வந்தது. “ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருப்பான். தூங்கட்டும், விடுங்கண்ணா” என்றார் பக்கத்தில் நின்றவர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தூங்கும்போதும் நமக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சாவது ஓடும். நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது. சட்டைப்பையில் பாதி பிரித்த மாத்திரை அட்டை ஒன்று.

108 வந்தது. மருத்துவமனையில் நாலாக்ஸோன் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் அவன் கண் திறந்தான். அட்டையில் இருந்த பெயர் டாபென்டாடால். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ‘வலி மாத்திரை’ என்ற பெயரில் போலீஸ் அடிக்கடி பிடிக்கிற சரக்கு அதுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது.

அப்புறம் பேசியபோது அவன் சொன்னது எளிய கதை. ரோலிங் மில்லில் பன்னிரண்டு மணி நேர வேலை. தோள்பட்டை வலி. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அறையில் கூடத் தங்கியிருந்தவர் ஒரு மாத்திரை கொடுத்தார். வலி போனது, உடம்பு லேசானது, ஓ.டி. பார்க்க முடிந்தது. மூன்று மாதத்தில் ஒன்று நாலாயிற்று. அன்று இரவு குளிருக்காகக் கொஞ்சம் சாராயமும் சேர்ந்துகொண்டது. “போதைக்காக ஆரம்பிக்கலைண்ணா, வேலைக்காக ஆரம்பிச்சேன்” என்றான். நான் அதை நம்புகிறேன். சிப்காட் பக்கம் மாத்திரைக்குள் போனவர்களில் நான் பேசிய பலரும் வலியின் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். ஊர் அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்கிறது. அந்தத் தீர்ப்பு தவறு. தவறு என்பதோடு ஆபத்தும்கூட. ஏனென்றால் அந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான் மருத்துவமனைக்கு வராமல் இருக்கிறார்கள்.

மாத்திரை உள்ளே போனதும் என்ன நடக்கிறது? நரம்புச் செல்களின் மேல் சில ரசாயனங்கள் மட்டும் வந்து ஒட்டக்கூடிய இடங்கள் உண்டு. ஏற்பிகள் என்கிறோம். அபினி வகை மருந்துகளுக்கென்று மூளையில் தனி ஏற்பி இருப்பதை 1973-ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். மனித மூளையில் அபினிக்கு எதற்கு இடம் என்ற கேள்விக்கு இரண்டே ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து விடை வந்தது: வலியைத் தணிக்க மூளை தானே அப்படியொரு பொருளைச் சுரக்கிறது. அடிபட்டவன் ஓடித் தப்பிக்கும்வரை வலி தெரியாமல் இருப்பது அதனால்தான். டாபென்டாடால் போய் உட்காருவது அந்த இடத்தில். கூடவே நார்அட்ரினலின் என்ற ரசாயனம் நரம்பு முனையில் கூடுதல் நேரம் தங்கும்படியும் செய்கிறது. அளவு மீறினால் வலிப்பு வரலாம்.

சிக்கல் என்னவென்றால், அதே ஏற்பிகள் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் ‘மூச்சை இழு’ என்று கட்டளை போவது அங்கிருந்து. மாத்திரை அந்தக் காவலாளியைத் தூங்க வைக்கிறது. சாராயமும், தூக்க மாத்திரையான நைட்ரசெபாமும் வேறு வழியில் போய் அதே காவலாளியை இன்னும் ஆழமாக அமுக்குகின்றன. தனித்தனியாகத் தாங்கிய உடம்பு சேர்ந்து வரும்போது தாங்காது. ஆள் வலியில்லாமல், சத்தமில்லாமல் போய்விடுவார். பக்கத்துப் படுக்கைக்காரன் காலையில்தான் பார்ப்பான்.

ஆகவே இதை மட்டும் மனதில் வையுங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடும் நகமும் நீலம் என்றால் அது தூக்கமில்லை. 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் அடைக்காது. தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர் புகட்டுவது, நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். என்ன சாப்பிட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அந்த அட்டைதான் பாதி விடை.

மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற வழக்கம் இதைவிடக் கொடியது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தைவிட மற்ற பொடிகள் நிறைய. அவை கரையாமல் ரத்தக்குழாயை அடைக்கின்றன. நுரையீரலில் போய்த் தங்குகின்றன. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி. இந்த மருந்தின் தொல்லை நம் ஊரோடு நிற்கவில்லை. டாபென்டாடாலையும் கேரிசோப்ரோடாலையும் சேர்த்து இந்தியாவில் தயாரித்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தெருக்களில் விற்பதை பிபிசி வெளிக்கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கலவையின் தயாரிப்பையும் ஏற்றுமதியையும் இந்திய அரசு நிறுத்தியது. கானாவிலும் நைஜீரியாவிலும் அதை வாங்கியவர்களில் மூட்டை தூக்குகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். நம் பையனின் கதைதான்.

கஞ்சாவின் கணக்கு வேறு. ஆந்திரத்திலிருந்து வரும் சரக்கு எளாவூர், ஆரம்பாக்கம் சோதனைச் சாவடிகளில் பிடிபடும் செய்தி நமக்குப் பழகிவிட்டது. கஞ்சா ஒட்டுகிற ஏற்பிகளில் இயல்பாக வந்து ஒட்டும் மூளைச் சுரப்பை 1992-ல் ஜெருசலேமில் கண்டுபிடித்தார்கள். ‘ஆனந்தம்’ என்ற நம் சொல்லிலிருந்துதான் அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் குறைவு. எனவே கஞ்சா மூச்சை நிறுத்துவதில்லை. ‘அப்ப ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். ஆனால் நினைவைப் பதியும் பகுதியிலும், கை கால்களை ஒத்திசைய வைக்கும் சிறுமூளையிலும் அவை நிறைய உண்டு. பிரஸ் மெஷினில் கை விடுகிறவனுக்கு அரை நொடி பிசகினால் விரல் போய்விடும். பதின்ம வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவின் ஆபத்து கூடுகிறது. சாக்லேட்டாகத் தின்றால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னொன்றைத் தின்பார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்.

தொழிற்பேட்டை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரம்மில் இருக்கிற மெத்தனால், வாசனையில் சாராயம்போல இருக்கும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோரையும் கொன்றது அதுதான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்க, முதலில் சாவது பார்வை நரம்பு. குடித்து அரை நாள், ஒரு நாள்கூட ஒன்றும் தெரியாது. பிறகு கண் முன்னால் பனி மூடியதுபோல மங்கும். மங்கல் தெரிந்த அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றக்கூடும். விடியட்டும் என்று இருந்தால் கண்ணும் போகும், உயிரும் போகும்.

‘மனசு வச்சா விட்டுடலாம்’ என்கிறார்களே, அதைப் பற்றி. மாத்திரை தினமும் வந்தால் நரம்புச் செல் அதற்கு ஈடுகட்டிக்கொள்கிறது. ஏற்பிகள் மந்தமாகின்றன, மாத்திரை அமுக்கி வைத்திருக்கும் விழிப்பு நரம்புகள் உள்ளே இன்னும் வேகமாக ஓடப் பழகுகின்றன. ஒரு நாள் மாத்திரை நின்றால் அந்த வேகம் அப்படியே வெளியே வருகிறது. வியர்வை, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவதுபோலக் கால்வலி. இது நடிப்பு இல்லை. சாராயம் இன்னும் மோசம். பல வருடம் தினமும் குடித்தவர் மாலை போட்ட கையோடு ஒரே நாளில் நிறுத்துவார். இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது என்று வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. விரதம் நல்லதுதான். அதற்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரைக்கு அடிமையானவர்களுக்குப் பூப்ரனார்பின் போன்ற மருந்து கொடுத்து, உடம்பை மெல்ல இறக்கும் சிகிச்சை அரசு மையங்களில் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல மாட்டிவிட மாட்டாங்களா?” என்பதுதான். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளாகியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால், அதற்காக அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. அதற்கே ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. ‘இந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடு’ என்று ஆயிரம் ரூபாய் நீட்டுகிறவனிடம் பிள்ளைகள் சிக்குவது இந்த இரண்டாவது கணக்கில்தான்.

உடம்பைச் சோதனையிடும்போது, மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கும்படி கேட்பது உரிமை. அப்படி ஒரு உரிமை இருப்பதை போலீசே எடுத்துச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் இலவச உதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியையும் காவலில் இருப்பவரையும் சேர்த்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கும் இது உண்டு. எண் 15100. திருவள்ளூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

சிகிச்சைக்குச் சேர்க்கும் மையத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதை சார்ந்த பாதிப்புகளும் அடங்கும். சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரின் சாவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும். அப்படியிருந்தும் தனியார் மறுவாழ்வு மையங்களில் அடி, பூட்டிய அறை, போனில்கூடப் பேச விடாமை என்று புகார்கள் வருகின்றன. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். நேரில் பார்க்க விடமாட்டோம் என்றால் அங்கே விட்டு வராதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் பணமில்லாமல் பார்க்கலாம். போனில் ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446. கடையில் சீட்டில்லாமல் மாத்திரை விற்றாலோ, தெருவில் பொட்டலம் விற்றாலோ 10581-ல் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தத் தோள்வலி. சட்டப்படி வேலை வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் ஓடினால் இரட்டைச் சம்பளம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, எழுந்த எதிர்ப்பால் மே தினத்தன்றே அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் ஆளானாலும். உரிய சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்த நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை. தோள்வலிக்கு அட்டை மாத்திரையைவிட இது மலிவு. உங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் இந்த வாரமே கேளுங்கள். விபத்து நடந்தால் இன்னொன்று: காயத்துக்கு நேரடிக் காரணம் போதைதான் என்று நிறுவினால் இழப்பீட்டை முதலாளி மறுக்கலாம். ஆனால் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கு செல்லாது. நீட்டுவது ‘குடித்திருந்தான்’ என்று எழுதிய தாளாக இருக்கலாம்; என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

பெஞ்சில் படுத்திருந்த பையன் ஐந்து வாரம் சிகிச்சையில் இருந்தான். கிளம்பும் நாளில் மருத்துவர் அவன் அம்மாவிடம் தனியாகப் பேசினார். உடம்பு இப்போது பழைய நாலு மாத்திரையைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. திரும்ப அந்த அளவைப் போட்டால் முதல் தடவையிலேயே மூச்சு நின்றுபோகலாம் என்றார். ஆசை எப்போது வரும் என்று அம்மா கேட்டார். பழைய இடம், பழைய கூட்டாளி, கையில் காசு மூன்றும் சேரும்போது என்றார் மருத்துவர்.

அடுத்த மாதம் ஏழாம் தேதி, சம்பள நாள். ஷிப்ட் முடியும் நேரத்தில் அந்த அம்மா தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கேட் வாசலில் வந்து நின்றிருந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார்.