மனதுக்கும் ஓர் ஓய்வு வேளை



1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது, அந்த நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. நல்ல காற்று, சத்தான ஆகாரம், வேளை தவறாத ஓய்வு இவையே வைத்தியம். பிற்பாடு நுரையீரலுக்கு மருந்து வந்தது. மனதுக்கோ இன்றும் ஓய்வு தேவை.

அந்த ஓய்வைக் கைப்பேசி பறித்துக்கொள்கிறது. மணி ஒலிக்கும்தோறும் கவனம் கலைகிறது. ஒலிக்காதபோதும் மனம் அதற்காகவே காத்திருக்கிறது. இரவில் வெகுநேரம் திரையைப் பார்த்தால் தூக்கம் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டால் கவலையும் எரிச்சலும் பெருகும். இதற்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இல் தனிப் பிரிவு தொடங்கியது.

ஆகவே சாப்பாட்டு வேளையிலும் குடும்ப ஜெபத்திலும் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். காலையில் எழுப்ப அலாரம் கடிகாரம் போதும். மின்சார ரயிலில் பல்லாவரம் முதல் தாம்பரம் வரையாவது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரை ஆண்டவரே ஓய்வெடுக்க அழைத்தார் என்று மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஆனால் இரண்டு வாரமாகியும் தூக்கமின்மையும் துக்கமும் நீங்காவிட்டால் இந்த ஓய்வு மட்டும் போதாது, மருத்துவரிடம் வாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உதவி கேட்பது அவிசுவாசம் அல்ல.

மனபாரத்தோடு எங்களிடம் வருகிறவர்களை உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.