மும்மொழிப் பலகையில் தமிழ் எழுத்து

மும்பையின் தாராவியில் கடைப் பலகை அமைப்பவர் தேவநாகரி, ரோமன், தமிழ் ஆகிய மூன்று எழுத்துமுறைகளையும் ஒரே பரப்பில் பொருத்த வேண்டியிருக்கிறது. மராத்திப் பெயர் பிறமொழி எழுத்துகளைவிடச் சிறிதாக இருத்தலாகாது என்று மகாராஷ்டிர அரசு 2022-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியபின், எஞ்சிய இடத்தில் தமிழை நெருக்கித் திணிக்கும் போக்குக்கு இடம் கூடியிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் மட்டும் அவை இணங்கிவிடுவதில்லை. தேவநாகரி எழுத்துகள் தலைக்கோட்டிலிருந்து தொங்குபவை; தமிழ் எழுத்துகளோ அத்தகைய கோடின்றிப் பக்கவாட்டில் அகன்று படர்பவை.

ஒரே வடிவ ஒழுங்கில் வரையப்பட்ட முழு எழுத்துத் தொகுதியே எழுத்துரு. எழுத்துரு வடிவமைப்பில் மும்பைக்கு நீண்ட மரபு உண்டு. பவாய் ஐஐடியில் கற்பித்த ஆர். கே. ஜோஷியின் வழிகாட்டுதலில் உருவான ‘லதா’, விண்டோஸ் 2000-உடன் வந்து, தமிழரின் கணினித் திரைகளில் பல ஆண்டுகள் நிலைத்தது. அதே நகரில் 2013-இல் தொடங்கிய ‘ஏக் டைப்’ குழு, பல இந்திய எழுத்துமுறைகளை ஒரு குடும்பமாக இணைத்து வரைவதைத் தன் பணியாகக் கொண்டது. அக்குழுவின் ‘முக்தா’ குடும்பத்தில் தமிழுக்குரிய ‘முக்தா மலர்’ ஆதர்ஷ் ராஜன் வரைந்தது. ‘பாலூ’ குடும்பத்தில் தமிழுக்கு ‘பாலூ தம்பி’, மலையாளத்துக்கு ‘பாலூ சேட்டன்’ என உறவுமுறைப் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன.

தடித்த எழுத்தில்தான் வடிவமைப்பாளரின் திறமை வெளிப்படுகிறது. மூன்று சுழி ‘ண’வின் கோடுகளை ஒரே சீராகத் தடிக்கச் செய்தால், சுழிகளுக்குள் இருக்கும் வெண்மை, அதாவது உள்வெளி, அடைபட்டு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து கரும்புள்ளியாகிவிடும். ஆகவே கோடுகள் நெருங்கும் இடங்களில் அவற்றைச் சற்று மெலியவைத்து, எழுத்தின் அகலத்தையும் கூட்ட வேண்டும். அருகிலுள்ள ‘ப’வோ ‘ட’வோ அதனால் கனம் குறைந்ததாகத் தோன்றாதபடி அவற்றையும் சரிசெய்ய வேண்டும். உருண்டு தடித்த ‘பாலூ தம்பி’யில் சுழிகள் மூச்சுத் திணறாமல் நிற்பது பாராட்டத்தக்கது.

‘முக்தா மலர்’ மென்மை முதல் மிகத் தடிமன் வரை ஏழு தடிமன்களில் கிடைக்கிறது. அதுவும் ‘பாலூ தம்பி’யும் திறந்த உரிமத்தில் வெளியானவை. எவரும் கட்டணமின்றித் தரவிறக்கி, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பலகை அடிக்கக் கொடுப்பவர்கள், தமிழை இழுத்தோ நசுக்கியோ இடத்தை நிரப்பாமல், அதன் இயல்பான அகலத்துக்கு இடம் ஒதுக்கும்படி அச்சகத்தாரிடம் கேட்டு வாங்க வேண்டும்.