பழைய பதிவுக் கருவியும் புதிய ஒளிபரப்பும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு நாகபுரியிலும் தில்லியிலும் புவனேசுவரத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், அலமாரியின் மேல்தட்டில், துணி போர்த்திய வீடியோப் பதிவுக் கருவி ஒன்று இன்றும் இருக்கக் காண்கிறோம். ஊரில் நடந்த திருமணம், காலஞ்சென்ற பாட்டனாரின் குரல், பொங்கல் நாளில் தொலைக்காட்சியில் வந்த நாதஸ்வரக் கச்சேரி ஆகியவை அதனருகே உள்ள நாடாக்களில் உறங்குகின்றன. “ஒளிபரப்பு டிஜிட்டல் ஆகிவிட்டது, இனி இப்பெட்டி எதற்கு?” என்று வீட்டு இளைஞர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் கருவியின் அமைப்பை அறிந்துகொள்வோம். அதனுள் மூன்று உறுப்புகள் உள்ளன. வானில் வரும் அலைகளுள் வேண்டிய அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் டியூனர் அதன் செவி. கிடைத்த படத்தையும் ஒலியையும் காந்த நாடாவில் பதிக்கும் பகுதி அதன் கை. குறித்த நேரத்தில் பதிவைத் தொடங்கி முடிக்கும் கடிகாரம் அதன் நினைவு. பழைய அனலாக் முறையில், படத்தின் ஒளியும் நிறமும் ஏறி இறங்குவதற்கேற்ப அலையும் தொடர்ச்சியாக மாறியது. டிஜிட்டல் முறையிலோ படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டு, சுருக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன. பழைய செவிக்கு இப்புதிய மொழி விளங்குவதில்லை. ஆனால் கைக்கும் நினைவுக்கும் ஊறு எதுவும் நேர்ந்துவிடவில்லை. ஆகவே கருவி கெட்டுவிட்டது என்று எண்ணுவது பிழை. அதற்குப் புதிய செவி ஒன்றைப் பொருத்தினால் போதும்.

இதனை நாடு தழுவிய அளவில் செய்து பார்த்தோர் அமெரிக்க மக்கள். அங்கே முழு ஆற்றல் தொலைக்காட்சி நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12 அன்று முடிவுற்றது. முதலில் குறித்த நாள் அவ்வாண்டு பிப்ரவரி 17. மக்கள் ஆயத்தமாகப் போதிய காலம் இல்லை என்று கருதி அது தள்ளிவைக்கப்பட்டது. டிஜிட்டல் அலையை வாங்கிப் பழைய முறைக்கு மாற்றித் தரும் சிறு பெட்டியை வாங்குவதற்கென, 40 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை வீட்டிற்கு இரண்டு வீதம் அரசாங்கம் வழங்கியது. ஒரு பெட்டி தொலைக்காட்சிக்கும், மற்றொன்று பதிவுக் கருவிக்கும் என்று கொண்டோர் நற்பயன் அடைந்தனர். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இணைக்கும் முறை எளிது. ஏரியலிலிருந்து வரும் கம்பி மாற்றுப்பெட்டிக்குச் செல்ல வேண்டும். பெட்டியிலிருந்து பதிவுக் கருவிக்கும், கருவியிலிருந்து தொலைக்காட்சிக்கும் கம்பிகள் செல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்டிகள் தாம் பெற்ற நிகழ்ச்சியை 3 அல்லது 4-ஆம் சானலில் வெளியிட்டன. பதிவுக் கருவியை எப்போதும் அதே சானலில் வைத்திருக்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏ.வி. கம்பிகளால் இணைத்தால் படம் இன்னும் தெளிவாக இருக்கும். அப்போது கருவியில் சானலுக்குப் பதிலாக ஏ.வி. உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி, பலர் இடறிய இடத்திற்கு வருவோம். முன்பு செவியும் கையும் நினைவும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. இரவு எட்டு மணிக்கு ஒரு சானல், ஒன்பதுக்கு வேறொன்று என்று குறித்து வைத்தால் கருவியே மாற்றிக்கொண்டது. இப்போது செவி வெளியே போய்விட்டது; வெளியில் உள்ள பெட்டியின் சானலை மாற்றக் கருவியால் இயலாது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது நம் நாட்டுப்புறத்தார் கண்ட உண்மை. ஆகவே இரண்டிடத்திலும் ஏற்பாடு செய்தாக வேண்டும். கருவியில் நேரத்தைக் குறிக்க வேண்டும். பெட்டியில் வேண்டிய சானலை முன்னதாகவே வைத்து, அதனை அணைக்காமல் விட வேண்டும். தாமே நேரமறிந்து சானல் மாற்றும் பெட்டிகளும் சில உண்டு. அவற்றைப் பெற்றோர்க்கு இத்தொல்லை குறைவு.

வேறொரு நுட்பமும் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, நான்கு மணி நேரம் எவரும் தொடாவிடில் தானே அணைந்துவிடும்படி அமெரிக்க மாற்றுப்பெட்டிகள் அமைக்கப்பட்டிருந்தன. இதனை அறியாதோர், பதிவு முடிந்தபின் நாடாவை ஓட்டிப் பார்த்து, வெறுந்திரையைக் கண்டு வருந்தினர். இவ்வசதியை நிறுத்திவைக்கும் வழி பெட்டியின் அமைப்புப் பட்டியலிலேயே இருந்தது.

ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு நிகழ்ச்சியையே தரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்றைப் பதிந்துகொண்டே மற்றொன்றைக் காண விரும்பினால், ஏரியல் கம்பியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பெட்டியையோ டிஜிட்டல் டியூனர் உள்ள தொலைக்காட்சியையோ பயன்படுத்த வேண்டும். சீட்டு இரண்டு பெற்றோர் அடைந்த நன்மை இதுவே.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். தூர்தர்ஷன் தனது தரைவழி அனலாக் ஒளிபரப்பை, முக்கியத்துவம் வாய்ந்த சில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சு இறுதியோடு முடித்துக்கொண்டது. நம்மவருள் பலர் கேபிள் வாயிலாகவோ, மாதக் கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் வாயிலாகவோ நிகழ்ச்சிகளைப் பெறுகின்றனர். முன்னர்ப் பொதிகை என வழங்கிய டி.டி. தமிழ் அலைவரிசையைப் பிற மாநிலத்தில் இருந்தே காண முடிவதும் இவ்வாறுதான். இங்கும் வழி அதுவே: செட்-டாப் பெட்டியின் ஏ.வி. வெளியீட்டைப் பதிவுக் கருவியின் ஏ.வி. உள்ளீட்டில் செருகுக. பெட்டியில் எச்.டி.எம்.ஐ. முனை மட்டும் இருந்தால் இடையில் மாற்றி ஒன்று தேவைப்படும். நகலெடுப்பைத் தடுக்கும் காப்பு அதில் குறுக்கிடவுங் கூடும். ஆதலால் வாங்கும்போதே ஏ.வி. முனை உள்ள பெட்டியைக் கேட்டு வாங்குதல் நலம். அமெரிக்காவிலுள்ள உறவினர் கொண்டுவந்த கருவியாயின், அது 525 கோட்டு முறையில் அமைந்தது. நம் நாட்டினது 625 கோட்டு முறை. இரு முறைகளையும் ஏற்கும் கருவியன்றி மற்றது இங்கே பயன்படாது.

பலனையும் மிகைப்படுத்திக் கூறலாகாது. ஒளிபரப்பு எத்துணைத் தெளிவாயினும், நாடாவில் பதியும்போது பழைய நாடாவின் அளவுக்கே படம் அமையும். அகலத் திரைக்கென எடுத்த படம், பழைய கருவியில் மேலும் கீழும் கரும்பட்டையோடு தோன்றலாம்.

அங்ஙனமாயின் இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். புதிய நிகழ்ச்சியைப் பதிய வேறு வழிகள் உள்ளன. பழைய நாடாவை ஓட்டவோ இக்கருவியன்றி வேறு வழியில்லை. வீட்டு வீடியோப் பதிவுக் கருவிகளைக் கடைசியாக உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய், 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. காந்த நாடாவோ ஈரத்தாலும் பூஞ்சையாலும் ஆண்டுக்காண்டு நலிவது. ஆகவே கருவியைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்குமுன், துணியை நீக்கி, தூசி துடைத்து, முக்கியமில்லாத நாடா ஒன்றை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓடுமாயின், அதன் ஏ.வி. வெளியீட்டைக் கணிப்பொறியோடு இணைத்து, பாட்டனாரின் குரலை முதலில் படியெடுத்து வையுங்கள். புதிய ஒளிபரப்பை அதற்குக் கற்பிப்பது அதன் பின் செய்யத் தக்க பணியாகும். நிகழ்ச்சி நாளையும் வரும். அக்குரல் மீண்டும் வாராது.