குதிரையேற்றப் போட்டி உடை: மரபும் பாதுகாப்பும்

குதிரையின் நடையழகையும் பணிவையும் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் இடும் போட்டி டிரெஸ்ஸாஜ். அதன் உயர்நிலைப் போட்டிகளில் உடை நெடுங்காலம் பெரிதாக மாறவில்லை: உயரமான கறுப்புத் தொப்பி, பின்னால் நீண்டு தொங்கும் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கையுறை, கழுத்தைச் சுற்றிக் கட்டும் வெள்ளைத் துணி, முழங்காலைத் தொடும் தோல் பூட்ஸ்.

ஐரோப்பாவின் படைமுகாம்களும் வேட்டைக்களங்களும் தந்த உடை இது. படைவீரர்களில் அதிகாரிகள் மட்டுமே ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் போட்டியிடலாம் என்ற விதியும் அந்தப் படைமரபின் எச்சமே. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுவீடனின் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. அணியில் இருந்த பெர்சன் அதிகாரி அல்ல, சார்ஜென்ட்தான் என்று தெரிந்ததும் மறு ஆண்டே பதக்கம் பறிக்கப்பட்டது. 1952இல் ஹெல்சிங்கியில்தான் பெண்களுக்கும் மற்றப் படைவீரர்களுக்கும் வழி திறந்தது. ஆட்கள் மாறினார்கள், உடை மரபு தொடர்ந்தது.

அந்த உடையின் பெரும்பகுதி பயன் கருதி உருவானது. கழுத்துத் துணி வேட்டையில் அடிபட்டால் காயத்துக்குக் கட்டுப்போட உதவியது. பூட்ஸின் உயரம் அங்கவடி வார் காலை உராயாமல் காத்தது. அதன் குதி, பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காமல் தடுத்தது. வெள்ளைக் கையுறை, கை அசையாமல் இருக்கிறதா என்பதை நடுவருக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

உயரத் தொப்பி மட்டும் தலைக்கு எந்தக் காப்பும் தரவில்லை. 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பங்கேற்ற கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறியதால் விழுந்தார். ஹெல்மெட் அணியாததால் தலையில் பலத்த அடிபட்டு, பல வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். பிழைத்தபின் ஹெல்மெட்டுக்காகக் குரல் கொடுத்தார். 2012 லண்டனில் பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டுடனேயே தங்கம் வென்றார். அழகு கெடும் என்று சிலர் எதிர்த்தபோதும், 2021 ஜனவரி 1 முதல் சர்வதேச டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் ஹெல்மெட் கட்டாயமானது.

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள், அடி விழும்போது தானே நசுங்கி அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மீண்டும் அணியக் கூடாது. ஹெல்மெட்டால் வணக்கமுறையும் மாறியது. முன்பு ஆண்கள் நடுவருக்கு வணக்கம் செலுத்தத் தொப்பியைக் கழற்றுவது மரபாக இருந்தது. ஹெல்மெட் அணிந்தவர்கள் ஒரு கையைத் தாழ்த்தித் தலைவணங்குகிறார்கள்.

வெயில் இன்னொரு சிக்கல். கனத்த கம்பளிக் கோட்டுக்குள் உடல் சூடேறினால் கவனம் சிதறும். கடும் வெப்பத்தில் கோட்டின்றிப் போட்டியிட நடுவர்கள் அனுமதிப்பதுண்டு. இப்போது நெகிழும் துணியும் காற்றுப் புகும் வலைத்துணியும் கொண்ட கோட்டுகள் வந்துவிட்டன. பார்வைக்கு அதே மிடுக்குதான்.

டிரெஸ்ஸாஜ் அல்லாத, தடைகளைத் தாண்டித் திறந்தவெளியில் ஓடும் போட்டிகளில் மார்புக் கவசம் கட்டாயம். அதோடு பலர் காற்றுக் கவசமும் அணிகிறார்கள். அதன் கயிறு சேணத்தில் கட்டப்பட்டிருக்கும். வீரர் விழுந்தால் கயிறு இழுபட்டு, சிறிய வாயுக்குப்பி திறந்து, கவசம் நொடியில் உப்பிவிடும்.

கழுத்துத் துணியும் பூட்ஸும் ஒரு காலத்தின் பாதுகாப்புச் சாதனங்கள். ஹெல்மெட்டும் காற்றுக் கவசமும் இந்தக் காலத்தின் சாதனங்கள். குதிரைமேல் இருப்பவரின் உயிரைக் காப்பதே இந்த உடை மரபின் வேர். ஆகவே புதிய சாதனங்களை ஏற்பது மரபை மீறுவதல்ல, அதைத் தொடர்வதே.